பிடி அரிசி வாசகசாலை

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாசிப்புப் போட்டியில் ஜெயித்தது நான். ஆண்டு விழா மேடையில் ஏறி வாசித்தது மாமா மகன். இந்த அநியாயத்தைக் கேட்க எங்கள் ஊரில் ஒரு நாதி இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கோச்சடை மதுரையோடு ஒட்டியிருக்கவில்லை. வைகைக் கரையில் வயலும் தோப்புமாகத் தனி ஊராக இருந்தது. ஜெர்மனிக்காரனோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் தெருக் கோடியில் ஓடு வேய்ந்த ஒற்றை அறையில் ஒரு வாசகசாலை இருந்தது. ஒரு பீரோ நிறையப் புத்தகம், இரண்டு பெஞ்சு, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. அறைதான் சின்னது, காரியங்களுக்குக் குறைச்சல் இல்லை. தினமும் சாயங்காலம் ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார். எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வெள்ளிக்கிழமை சொற்பொழிவு. பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்குப் பாலர் சங்கம். இத்தனைக்கும் காரியதரிசி என் தாய்மாமா, அம்மாவின் உடன்பிறந்த தம்பி.

இவ்வளவும் நடந்தது பிடி அரிசியில். ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். வாரக் கடைசியில் வாசகசாலை இளைஞர்கள் சாக்கோடு வந்து வாங்கிப் போவார்கள். அதை விற்றுத்தான் பேப்பர், மண்ணெண்ணெய், புதுப் புத்தகம் எல்லாம். அள்ளிப் போட்டது அத்தனையும் பெண்களின் கை. ஆனால் அந்த அறைக்குள் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. சொற்பொழிவு கேட்க ஆசைப்பட்டால் சந்தில் நின்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது. சிறுமிகளுக்கு மட்டும் பாலர் சங்கத்தில் கடைசிப் பாயில் இடம் உண்டு. அதையும் மாமா ஏதோ தன் சொத்தையே எழுதி வைத்துவிட்டவர் போலச் சொல்லிக்கொள்வார்.

அந்த வருஷம் பாலர் சங்கத்தில் வாசிப்புப் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிற பிள்ளை ஆண்டு விழாவில் சபை முன்னால் அன்றைய பேப்பரை வாசிக்கலாம் என்று அறிவிப்பு. எனக்கு அந்த மேடை வேண்டும். அதற்காகத் தீபாவளிப் பாவாடைகூட வேண்டாம் என்று பிள்ளையாரிடம் பேரம் பேசி வைத்திருந்தேன்.

வாசிப்பில் எனக்குப் பயம் கிடையாது. அம்மாவுக்கு எழுத்து வாசனை இல்லை. கடையிலிருந்து பருப்பும் மிளகாயும் கட்டி வந்த தாளைப் பிரித்து, உதறி, என்னிடம் நீட்டி, “என்ன போட்டிருக்குன்னு வாசி” என்பாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்து பொட்டலத் தாள்களை வாசித்து வாசித்துத்தான் என் நாக்கு திருந்தியது. பாதிச் செய்தி கிழிந்து போயிருந்தால் மீதியை அம்மா தானே சொல்லி முடித்துக்கொள்வாள்.

போட்டியன்று மாமா பேப்பரை ஒரு பத்தி அகலத்துக்கு மடித்து ஆளுக்கு ஒரு செய்தியாகக் கொடுத்தார். நான் தங்கு தடையில்லாமல் வாசித்தேன். மாமா மகன் எச்சில் விழுங்கி விழுங்கி வாசித்து இரண்டாவதாக வந்தான். எல்லாரும் கை தட்டினார்கள். மாமாவும்தான் தட்டினார், என் கண்ணால் பார்த்தேன்.

விழாவுக்கு முதல் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த மோரைக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“யக்கா, நாளைக்கு மதுரையிலருந்து வக்கீலு தலைமை தாங்க வாராரு. பெரிய மனுசங்க கூடுற சபையில பொம்பளப்பிள்ளைய ஏத்திவிட்டா நல்லாருக்காது பாரு. நம்ம பயலே வாசிக்கட்டும். இவளுக்கு ஒரு பென்சிலு குடுத்துருவோம்.”

பென்சில்! மேடைக்குப் பதில் பென்சில்! எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பாய வேண்டிய இடம் இது. அவளோ, “ஒனக்குத் தெரியாததா தம்பி” என்று சொல்லிவிட்டு மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பாவிடம் ஓடினேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. “அது அக்கா தம்பி சமாச்சாரம். என்னைய எதுக்கு இழுக்குற?” என்றார்.

விழா அன்று வாசகசாலை வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. வக்கீல் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். பெண்கள் வழக்கம்போலச் சந்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே கிடந்த ஆட்டுக்கல்லின் மேல் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மாமா மகன் புதுச் சட்டையோடு மேடையேறினான். மடிக்காத முழுப் பேப்பரை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு தொடங்கினான்.

“எதிரியின் சேனை நேற்று ஆற்றைக் கடந்து... வயிற்றுப் பொருமல் உடனே அடங்கும். நமது படைத்தலைவர்கள் கூடி... காலையும் மாலையும் தலையில் தேய்த்துக் குளிக்கவும்.”

பத்தி பத்தியாகக் கீழே இறங்கி வாசிக்க வேண்டிய தாளை அவன் குறுக்கே வாசித்துக்கொண்டு போனான். யுத்தச் செய்திக்குப் பக்கத்துப் பத்தியில் மருந்து விளம்பரம். ஒரு பத்திக்கு மடித்த தாளைத் தவிர வேறெதையும் வாசித்து அறியாதவன். சபையில் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. முன் வரிசைப் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “பட்டாளத்துல எண்ணெயும் தேச்சுவிடுறானா?” என்று அக்கறையாகக் கேட்டார். வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

என்னால் பொறுக்க முடியவில்லை. “டேய்! குறுக்க வாசிக்காதடா! கீழ எறங்கி வாசி!” என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. “அடுத்த பத்தி...” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. அம்மாவின் கை. அப்படியே ஆட்டுக்கல்லிலிருந்து இறக்கி, தெரு நெடுக இழுத்துக்கொண்டு வந்து, வீட்டில் விட்டுவிட்டு, “போய்க் கால் கை கழுவு” என்றாள். அவ்வளவுதான். ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. மாமாவின் மேல் இருந்த கோபத்தைவிட அவள் மேல் வந்த கோபம் பெரிதாகிவிட்டது. மேடை போனது போகட்டும், உள்ளதைச் சொன்ன வாயைப் பொத்துவதற்கு இவள் யார்?

அதற்குப் பிறகு அம்மா ஆற்றில் ஊற்றுத் தண்ணீர் எடுக்கப் போனால் சீக்கிரம் திரும்புவதில்லை. குடத்தை மணலில் வைத்துவிட்டுத் தெருப் பெண்களோடு தலையைச் சேர்த்துக்கொண்டு பேசுவாள். நான் கிட்டப் போனால் பேச்சு நின்றுவிடும். எதிர்வீட்டு மதினி மட்டும் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரிப்பாள். நான் சபையில் கத்தியதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள் என்று நான் அந்தப் பக்கம் போவதையே விட்டேன்.

அந்த வாரம் சாக்கோடு வந்த இளைஞர்களிடம் அம்மா வாசலில் நின்று, “யுத்த காலம்ப்பா. மிச்சம் புடிக்க அரிசிக்கு எங்க போக?” என்றாள். எதிர்வீட்டிலும் அதே பதில். தெருக் கடைசிவரை அதே பதில். சாக்கு மடித்தது மடித்தபடி திரும்பிப் போனது. அடுத்த வாரமும் அப்படியே. பெட்ரோமாக்ஸ் எரியவில்லை. பிறகு பேப்பர் வருவது நின்றது. பாலர் சங்கமும் நின்றது. எங்கள் வாசகசாலையை மூட ஜெர்மனிக்காரனுக்கு என்ன உரிமை என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். எங்கள் வீட்டில் சோறு வழக்கம்போல வெந்துகொண்டிருந்தது. அதை யோசித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் காலையில் மாமா வந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“அம்புட்டு வீட்லயும் ஒரே பேச்சுப் பேசுறாளுகக்கா. யுத்தமாம், அரிசி இல்லையாம்.”

“யுத்தந்தானே தம்பி நடக்குது.”

“ஒன் வீட்லயுமா?”

“என் வீடு மட்டும் என்ன சீமையிலயா இருக்கு?”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, “வார ஞாயித்துக்கெழமையிலருந்து பாப்பா வந்து பேப்பர் வாசிக்கட்டும்க்கா” என்றார்.

“பேப்பருதான் நின்னு போச்சுன்னாகளே?”

“நீ மனசு வச்சா வந்துரும்.”

அம்மா ஒரு கீரைக் கட்டை முடித்து இன்னொன்றை எடுத்தாள். “கேக்குறவளுக சந்துல நின்னுதான் கேக்கணுமோ?”

“உள்ள வந்து உக்காரட்டும். மத்தியானத்துல ஆம்பளைங்க யாரும் வரமாட்டோம்.”

“பாப்போம் தம்பி. யுத்தமும் எம்புட்டு நாளைக்கு நடக்கும்?”

இத்தனை பேச்சில் என் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். பாப்பா வந்து வாசிக்கட்டும். கடைசியில் மாமாவுக்கு நியாயம் புரிந்துவிட்டது! ஓடி வந்து நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தேன்.

“நீங்கதான் மாமா என் அரும தெரிஞ்சவரு! எங்கம்மா என் வாயைப் பொத்துச்சு!”

மாமா இரண்டு காலையும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “எந்திரி தாயி. என் கால்ல எதுக்கு விழுகுற?”

“விழட்டும் தம்பி. பெரியவங்க காலுதானே” என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். அது கண்ணெதிரேதான் கிடந்தது. எனக்கு நியாயம் செய்ய வந்த மனிதர் என் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஏன் தலையைக் குனிந்துகொண்டு போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாதான் அவரிடம் ஏதோ மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டாள் என்று முடிவு கட்டி, அன்று முழுவதும் அவளோடு பேசாமல் இருந்தேன்.