கீழ்வீட்டுக்காரனுக்குக் கேட்காத குரல்

அமெரிக்கா வந்து எடிசன் நகரில் குடியேறிய முதல் வாரமே கீழ்வீட்டுக்காரன் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு சீலிங்கை இடித்தான். அவனுடைய சீலிங்தான் எங்கள் தரை. நான் சண்டை ஒன்றும் போடவில்லை. குழம்புக்கு உப்புப் போதுமா என்று சமையலறையிலிருந்து கணவரைக் கேட்டேன், அவ்வளவுதான்.

"மெதுவா பேசும்மா. மேனேஜர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணிட்டான்னா வேற அபார்ட்மென்ட் தேடணும்" என்றார் கணவர். நல்ல மனிதர். அதட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கெஞ்சியதால் அடங்கிப்போனேன்.

என் தொண்டை அப்படி. கல்யாணத்துக்கு முன்பு மெட்ராஸில் ஒரு நாடகக் குழுவில் நடித்தேன். மேடைக்கு மேலே தொங்கும் மைக்கெல்லாம் மற்றவர்களுக்குத்தான். நான் நுழைந்தால் சவுண்டைக் குறைப்பார்கள். தற்பெருமைதான், இருக்கட்டும். எனக்கென்று இருந்த ஒரே சொத்து அது.

கணவர் வேலையை ஒட்டிக் கிடைத்த டிபென்டென்ட் விசாவில் நான் வேலைக்குப் போகக்கூடாது. நூலகத்துக்குப் போகலாம். அங்கேதான் ஒரு மெல்லிய புத்தகத்தில் அவளைச் சந்தித்தேன். ரஷ்யாவில் நாடகம் தலையெடுத்த காலத்து நடிகை. பண்ணையடிமைக்குப் பிறந்தவள், ஆடுமாடு போலப் பிரபுவுக்குச் சொந்தம். சிறுமியாக இருக்கும்போதே மாளிகைக்குக் கொண்டுபோய்ப் பாட்டும் நடிப்பும் பழக்கினார்கள். மேடையில் ராணி, இறங்கினால் அடிமை. கடைசியில் பிரபுவே அவளை விடுவித்து மணந்துகொண்டான். பிரபுவின் மனைவி மேடையேறலாமா? அன்றோடு நடிப்பு முடிந்தது. கொஞ்ச காலத்தில் இருமி இருமிச் செத்தும் போனாள். விடுதலை கொடுத்தவனே வாயையும் அடைத்துவிட்டான். படித்துவிட்டு அங்கேயே அழுதேன்.

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு அவள் கதையை நாடகமாக எழுதினேன். சங்கத்தில் சிரிப்பு நாடகம்தான் கேட்டார்கள். நான் விடவில்லை. இதில் நடித்தால் நான் இன்னும் நடிகை, இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மனசுக்குள் ஒரு தீர்மானம். கணவரின் ஆபீஸ் நண்பர் பிரபுவாக நடித்தார். எங்கள் ஹாலில் ஒத்திகை: காலில் சாக்ஸ், தொண்டையில் கிசுகிசு. கோபக் காட்சியைக்கூட ரகசியம் பேசுவதுபோலப் பேசிப் பழகினோம். "ஸ்டேஜ்ல தானா சவுண்டு வந்துடும்" என்று அவருக்கு நான்தான் தைரியம் சொன்னேன்.

விழா ஒரு பள்ளி அரங்கில் நடந்தது. ஸ்பீக்கர் பார்த்துக்கொண்ட அங்கிள், "காலர் மைக் மாட்டிக்கிறியாம்மா?" என்றார். பிரபு மாட்டிக்கொண்டார். "எனக்கு எதுக்கு அங்கிள்?" என்றேன் நான்.

கடைசிக் காட்சியில் பிரபு, "இன்று முதல் நீ சுதந்திரமானவள்" என்றார். அரங்கம் முழுக்கக் கேட்டது. நான் மண்டியிட்டு, "அப்படியானால் என் மேடையைத் திருப்பிக் கொடுங்கள்!" என்று அலறினேன். அலறியதாக நினைத்தேன். வயிற்றிலிருந்து கிளம்பியது தொண்டையில் நின்றுபோய், எங்கள் ஹாலுக்குப் போதுமான அளவு மட்டும் வெளியே வந்தது. மறுபடி சொன்னேன். "சவுண்டு! கேக்கல!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அப்புறம் அதுவும் நின்று, ஜனங்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். சங்கச் செயலாளர் ஓடிவந்து என் கையில் ஒரு மைக்கைத் திணித்தார். மண்டியிட்டபடியே அதைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவையாகச் சொன்னேன். ஸ்பீக்கரில் வந்தது யாரோ ஒருத்தியின் குரல்.

"ஃபர்ஸ்ட் ரோவுக்கு நல்லாவே கேட்டுச்சும்மா" என்றார் கணவர் காரில். ஆறுதலாம். செத்துவிடலாம் போலிருந்தது.

சில வருடங்களில் டெக்சஸுக்கு மாறினோம். அங்கே ரவுண்ட் ராக் என்ற ஊரில் சொந்த வீடு. கீழே மண், சுற்றிலும் புல். "இனிமே எவ்ளோ வேணும்னாலும் கத்து" என்று சாவியைக் கையில் கொடுத்தார். சாமான் வந்து சேராத காலி ஹாலில் தனியாக நின்று அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. அதன் பிறகு முயற்சி செய்யவில்லை.

ஒருநாள், எடிசனில் பிறந்த என் மகள் மாடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் கோபமாகக் கூப்பிட்டேன். கடைசியில் படியேறிப் போய்த் தோளைத் தொட்டேன்.

"எத்தனை தடவைடி கூப்பிடறது?"

"மாம், யூ ஆல்வேஸ் விஸ்பர்" என்றாள், பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஈவன் வென் யூ யெல்."

பிறந்ததிலிருந்து அவள் கேட்டது இந்தக் குரலைத்தான். வேறொன்று இருந்தது என்று சொன்னால் நம்பவா போகிறாள்?