பிட்சுலாக்கோட ரெண்டு வயசுப் பொஞ்சாதி

என் கொழுந்தன் பிட்சுலாக், வடக்குக் கோடியில பனிக்கடலோரமா இருக்குற எங்க கிரைஸ் ஃபியோர்டு ஊரு விமானத்தளத்த இருபத்தாறு வருசமாப் பாத்துக்கிறான். மேகம் எவ்வளவு ஒசரம், எதுவரைக்கும் கண்ணு தெரியுதுன்னு ரேடியோவுல அவன் சொல்லணும். அத வச்சுத்தான் விமானம் வரும், வராது.

"பக்கத்து ஊரு ரெசொல்யூட் எவ்வளவு தூரம்?"னு யாரு கேட்டாலும், "முந்நூத்தி எண்பத்துநாலு கிலோமீட்டரு, ஒண்ணரை மணி நேரம்"னு ஒப்பிப்பான். எங்க மாமனாரா இருந்தா, நாய்வண்டியில போக எத்தன ராத்திரி வழியில தூங்கணும்னு சொல்லியிருப்பாரு.

இவன் விமானத்துல ஒரே தடவ தான் ஏறுனான், பொஞ்சாதி ஆலூக்கிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு. திரும்புறப்ப அவ பெட்டிக்குள்ள வந்தா. அதோட ஏறுறத விட்டுட்டான். நானும் எவ்வளவோ திட்டிப் பாத்தேன்.

அடுத்த வருசம் ரெசொல்யூட்ல, ஆலூக்கியோட அக்கா மக ரோடாவுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துச்சு. ஆலூக்கின்னே பேரு வச்சா. எங்க வழக்கத்துல, செத்தவங்க பேரு புள்ளைக்கு வந்துட்டா அந்த ஆளே வந்த மாதிரி. அதனால அந்தப் புள்ள பிட்சுலாக்குக்குப் பொஞ்சாதி. போன்ல அப்படித்தான் கூப்பிடுவான்.

"ஒம் பொஞ்சாதிக்குப் பல்லு மொளச்சுதாடா?"ன்னு கேப்பேன்.

"நாலு மொளச்சிருக்கு மதினி. எல்லாரையும் கடிக்கிறாளாம்."

"முந்தியும் கடிச்சவதான!"

சிரிப்பான். அப்புறம் வீட்டுக்குப் போயி, தனியா கடல்நாய்க் கறிய வெட்டித் தின்னுட்டுப் படுப்பான். நானும் புருசன் செத்தவதான், ஆனா நான் நாலு பேரு கூடச் சண்ட போடுவேன். இவனுக்கு அதுவும் வராது.

போன ஆகஸ்டுல ரோடா போன் பண்ணுனா. ஞாயித்துக்கிழம குடும்பத்தோட தெக்க ரொம்ப தூரத்துல இருக்குற ஒட்டாவாவுக்குக் குடிபோறாங்களாம், அங்கயே இருந்துருவாங்களாம். அதுக்கு முன்னால வியாழக்கிழம புள்ளயக் கொண்டாந்து காட்டிட்டுப் போறேன்னா. பிட்சுலாக் தலமுடி வெட்டிக்கிட்டான். அவன் முடி வெட்டி நான் பாத்ததே இல்ல.

வியாழக்கிழம நானும் விமானத்தளக் கொட்டகைக்குப் போனேன். விமானம் ரெசொல்யூட்லேருந்து கெளம்பிருச்சு. அதுக்கப்புறம் கடல்லேருந்து மூடுபனி ஏறி வந்துச்சு. பைலட்டு ரேடியோவுல கூப்பிட்டான், எப்படி இருக்குன்னு.

"தெளிவா இருக்குன்னு சொல்லுடா"ன்னேன்.

"எதிர் மல தெரியுதா மதினி?"

"எனக்குத் தெரியுது."

"ஒனக்குப் பக்கத்துல நிக்கிற நானே தெரியமாட்டேன்."

"கிட்ட வந்தா அவனே பாத்துக்குவான். அவனுக்கென்ன கண்ணு இல்லயா? ஞாயித்துக்குள்ள வேற விமானமும் இல்ல, இன்னிக்கி விட்டா இனி எப்பப் பாப்ப?"

பிட்சுலாக் ரேடியோவக் கையில வச்சுக்கிட்டே என்னப் பாத்தான். "அந்த விமானத்துக்குள்ள அவ இருக்கா மதினி"ன்னான்.

அப்புறம் ரேடியோவுல உள்ளத உள்ளபடி சொன்னான். கால் மைலுக்குத்தான் கண்ணு தெரியுது, மேகம் தரையோட ஒட்டிக் கெடக்கு, எறங்காதன்னு. பாதி வழியில விமானம் திரும்பிருச்சு. எங்களுக்குச் சத்தங்கூடக் கேக்கல.

அவன் கடியாரத்தப் பாத்தான். "அவ அங்க எறங்க இன்னும் முக்கா மணி நேரம்"ன்னான். அந்த முக்கா மணி நேரமும் அவன் ரேடியோவ விட்டு நகரல. நானும் வீட்டுக்குப் போகல.

ரெசொல்யூட்லேருந்து ரேடியோ வந்துச்சு.

"எறங்கிட்டா"ன்னான். அப்புறம் கொட்டகையப் பூட்டிட்டுப் பனிக்குள்ள போனான். டீ குடிக்க வாடான்னு நான் கூப்புடல. கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டான்.