பஞ்சு அடைத்த அறை

கிரிவலப் பாதையில் வீடு என்றால் வெளியூர் உறவினர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கொடுத்து வைத்தவள் என்பார்கள். ஒரு பௌர்ணமிக்கு வந்து தங்கிப் பாருங்கள், அப்புறம் பேசலாம் என்று நான் மனதுக்குள் கறுவிக்கொள்வேன். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே அன்னதானப் பந்தல். அதன் உச்சியில் இரண்டு ஒலிபெருக்கிகள். போதாததற்கு வெள்ளரிக்காய் விற்பவர்கூட மைக்கோடுதான் வருவார்.

எங்கள் மகள், நாங்கள் கல்யாணமாகி வெகுநாள் ஏங்கிப் பெற்றவள். அப்போது கைக்குழந்தை. ஒவ்வொரு அலறலுக்கும் தூக்கிவாரிப்போட்டு அழுவாள், குடித்த பாலைக் கக்குவாள். பந்தல்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"சாமி பாட்டும்மா. கொழந்த காதுல உழுந்தா நல்லதுதான்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கணவர் செல்போனில் வீடியோக்களைப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். மகள் தூங்கும் அறையின் தெருப்பக்கச் சுவரில் மரச்சட்டம் அடித்து, இடையில் சத்தத்தைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து, மேலே ஜிப்சம் போர்டு போட்டு மூடினோம். ஜன்னலையும் அதே மாதிரி அடைத்தோம். கதவிடுக்கில் ரப்பர். அடுத்த பௌர்ணமிக்கு அவள் அசையாமல் தூங்கினாள். நான் சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தில்தான், என் மாமனார் காலத்திலிருந்தே, பௌர்ணமிதோறும் டிரம் வைத்துத் தண்ணீர் கொடுத்துவந்தோம். நடந்து வருகிறவர்கள் குடிப்பார்கள், முகம் கழுவுவார்கள், மிச்சத்தைச் சுவரோரம் ஊற்றிவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் உள்ளே கொஞ்சம் சுண்ணாம்பு உதிரும், ஜன்னல் காற்றில் சுவர் காய்ந்துவிடும். பஞ்சு அடைத்த பிறகு காய வழியே இல்லை. வாங்கிய ஈரத்தையெல்லாம் பஞ்சு வைத்துக்கொண்டது.

மகளுக்கு இருமல் வந்தது. பிறகு இழுப்பு.

"வீட்ல ஓதம், ஈரம் எதுனா அடிக்குதாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க. அவ இருக்கற ரூம்தான் இருக்கறதுலயே நல்ல ரூம்" என்றேன், பெருமையாக.

ஆனாலும் என் கணவர் மொட்டை மாடியில் விரிசல் தேடினார், குளியலறைக் குழாய்களைப் பார்த்தார். டிரம் பக்கம் எங்கள் புத்தி போகவில்லை. புண்ணியத்துக்குக் கொடுக்கிற தண்ணீரில் கெடுதல் வரும் என்று யாருக்குத் தோன்றும்? வெளிக்காற்று ஆகாது என்று நினைத்து அவளை அந்த அறையிலேயே இன்னும் ஜாஸ்தி நேரம் வைத்தோம். ஒரு மாதிரி வாடை வந்தபோது, ஈரத்துணி நாற்றம் என்று நானே முடிவுசெய்து சாம்பிராணி போட்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் தொட்டிலுக்குப் பின்னால் போர்டு உப்பியது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. என் கணவர் போர்டைப் பெயர்த்தார். பஞ்சு முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி குடுத்தது தப்பா?" என்றார்.

"குடுத்தது தப்பில்லீங்க. சுவத்தாண்ட வெச்சதுதான் தப்பு" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தோம். டிரம் இப்போது சுவரைவிட்டுத் தள்ளி, கேட்டுக்கு வெளியே இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போகிறாள், பைக்குள் இன்ஹேலரும் போகிறது. வளர வளர இழுப்பு நின்றாலும் நிற்கலாம் என்கிறார் டாக்டர். நின்றால்தான் எனக்கு மனசு ஆறும்.

போன பௌர்ணமியன்று மத்தியானம் கூடத்தில் படுத்திருந்தாள். எதிரே இரண்டு ஒலிபெருக்கிகளும் முழங்க, அவள் பாட்டுக்குத் தூங்கினாள். அந்த இரைச்சலில் அவளுடைய மூச்சு எனக்குக் கேட்கவில்லை. இழுக்கிறதா இல்லையா என்று பார்க்க நெஞ்சின் மேல் கையை வைத்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே அதைத் தள்ளிவிட்டாள்.

"கைய எடும்மா. நீதான் என்னைத் தூங்கவே உட மாட்டேன்ற."