பாம்புச் சொற்களின் அகராதிக்காரர்

இரண்டு கால்களையும் நாற்காலியின் குறுக்குக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறார் அகராதிக்காரர். தரையில் கால் படாது. வேதங்களிலும் புராணங்களிலும் வரும் பாம்புச் சொற்களுக்குப் பொருளும் பிறப்பும் எழுதித் தருவதுதான் பதிப்பகத்தில் இப்போது அவர் வேலை. ஆனால் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். "அது" என்பார். சொன்னால் வந்துவிடுமாம். இத்தனை படித்த மனுஷருக்கு இப்படியொரு பயம்!

சர்ப்பம் என்றால் ஊர்வது. உரகம், மார்பால் நகர்வது. எபிரேய வேதத்தில் வரும் சாராப், எரிப்பது. "பாத்தீங்களா, யாருமே அதுக்குப் பேரு வைக்கல. அது என்ன பண்ணுமோ அத மட்டும் சொல்லிட்டு ஒதுங்கிட்டாங்க. எல்லாம் பயம் சார்" என்பார், குரலைத் தாழ்த்தி. பேச்சோடு பேச்சாக மேசைக்கடியில் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வார்.

"ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்றாரு. ஒரு மண்புழுவப் பாத்தா கட்டில் மேல ஏறிடுவாரு" என்று அவர் மனைவி சிரிப்பார்.

போன வாரம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் ஒரு முழ நீளத்துக்குப் பாம்புச் சட்டை கிடந்தது, ஈரம்கூடக் காயாமல். வீட்டிலோ நிறைமாத மகள். பாம்பு பிடிப்பவர் வந்து மூலைமுடுக்கெல்லாம் துழாவினார்.

"போயிருக்கும் சார்."

"போயிருக்குமா, போயிடுச்சா?"

"அத நான் எப்படி சார் சொல்றது?" என்று சாக்கைச் சுருட்டிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

அன்று முதல் அகராதிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. குழாய் சொட்டினால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. "எழுதி எழுதி நாந்தான்டி அத வீட்டுக்குக் கூப்பிட்டேன்" என்று புலம்புகிறார். கேலி செய்ய அந்த அம்மாளுக்கும் இப்போது தெம்பில்லை.

நேற்று மாலை குளியலறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. ஓடினார். வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி அழுக்குத்துணிக் கூடையின் முன்னால் குனிந்து நின்றாள். மற்றக் கை துணிகளுக்குள் இருந்தது.

"அப்பா... ஏதோ வழவழன்னு படுது."

அவர் மகளின் கையை வெடுக்கென்று வெளியே இழுத்தார். துணிக்குவியலைத் தன் இரண்டு வெறுங்கைகளாலும் பலங்கொண்டமட்டும் அமுக்கினார்.

"மெதுவாப் போம்மா. விழுந்துடாத."

உள்ளங்கைக்கடியில் ஏதோ புரண்டது. மகள் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசற்படியைத் தாண்டும்வரை அவர் கையை எடுக்கவில்லை.