முதல் குடத்தைக் கொட்டச் சொன்னவர்

முனிரத்தினம் இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நம்பாமல் அவர் மனைவி சரோஜாவுக்கே போன் போட்டேன். உண்மைதான், மஞ்சள் காமாலை. நான் போய்ச் சேருவதற்குள் தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகக் கிடந்தது. நாங்கள் கெஞ்சிய நாளெல்லாம் வராத பவுடர், சாவு விழுந்த அன்று மட்டும் எங்கிருந்து வந்தது?

திருத்தணி மலையடிவாரத்தில் குழாய்த் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. மேட்டுத் தெருக்களுக்கு முதலில், அவர் குடியிருந்த பள்ளத் தெருவுக்குக் கடைசியில். நான் அந்தப் பகுதியின் சுகாதார செவிலியர். வயிற்றுப்போக்கும் காமாலையும் பள்ளத் தெருவிலேயே சுற்றிச் சுற்றி வந்தன. கை கழுவுவதில்லை, காய்ச்சிக் குடிப்பதில்லை என்று அந்தச் சனங்களைத்தான் சந்தேகப்பட்டேன்.

அங்கே முதல் குடம் சாமி படத்துக்கு முன்னால் போகும். வீட்டார் குடிப்பதும் அதைத்தான். முதல் தண்ணீர்தான் சுத்தம் என்பது அவர்கள் எண்ணம். முனிரத்தினம் ஒரு நாள் குழாயடிக்கு வந்து, நிரம்பிய முதல் குடங்களைக் கவிழ்த்துவிட்டார். பெண்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, அதை மறைக்க நாடகமாடுகிறாரோ என்று எனக்கும் தோன்றியது. நேரிலேயே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. முதல் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் கால்மணி கழித்து வந்ததை இன்னொன்றிலும் பிடித்து என் மூக்கருகே நீட்டினார். முதலாவது நாறியது.

"பைப்பு சாக்கடைக்குள்ள முழுகிகினு கீது, நர்சம்மா. தண்ணிய நிறுத்துனா ஓட்டை வழியா சாக்கடைய இழுத்துக்குது. மேட்டுத் தெருவுல கையே கழுவாதவனுக்கும் ஒண்ணும் வர்றதில்ல. சனங்கள சந்தேகப்பட்டது போதும், பைப்ப சந்தேகப்படுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருவருமாக நகராட்சிக்கு மனு மேல் மனு எழுதினோம். பைப்பை மாற்றுகிறோம் என்றார்கள். மாற்றவும் செய்தார்கள், மேட்டுத் தெருவில். பள்ளத் தெருப் பெண்களோ, அவர் "இப்ப புடிங்க" என்று சொல்லும்வரை காத்திருக்கப் பழகினார்கள்.

ஊருக்கே சொன்னவருக்குக் காமாலை எப்படி வந்தது? சரோஜாவிடம் கேட்டேன். தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று தினமும் அவர் தம் வாயில் ஊற்றித்தான் பார்ப்பாராம். அத்தனை சந்தேகப்படுகிற நான் அதைக் கவனிக்காமல் போனேனே! இறப்புச் சான்றிதழில் அவர்கள் எழுதப்போகிற காரணத்தையும் நான் நம்பத் தயாராக இல்லை.

அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் வந்தது. ஏசிய அதே பெண்கள் முதல் குடத்தைப் பிடித்து, தெருவில் கொட்டினார்கள். இரண்டாவதையும் கொட்டினார்கள். சரோஜா குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"ஆங், இப்ப புடிங்க."

போய் வாருங்கள், முனிரத்தினம். பைப்பு இன்னும் சாக்கடைக்குள்தான் கிடக்கிறது. சந்தேகப்பட நான் இருக்கிறேன்.