மூச்சு வாங்காத வேலைகள்

என் கணவருக்குக் கால் வீங்கியிருந்தது. கோயமுத்தூரில் காட்டலாம் என்று ஒரு மாதம் மல்லுக்கட்டித்தான் கூட்டிப்போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்திருக்கிறது என்றார். இந்த நோயை இரண்டு விதமாக அளப்பார்களாம். ஒன்று, ஏ, பி, சி, டி என்று நாலு கட்டம். ஏ என்றால் வரக்கூடும், டி என்றால் முற்றிவிட்டது. இவர் சி.

"மருந்து சாப்பிட்டாப் பழையபடி பி-க்கு வந்துருவாருங்களா?"

"நல்லா இருப்பாரும்மா. ஆனா கட்டம் திரும்பாது."

இரண்டாவது அளவு, ஒன்று முதல் நாலு வரை வகுப்பு; ஏற ஏற மோசம். எந்த வேலைக்கு மூச்சு வாங்குகிறது என்பதுதான் கணக்கு. அது ஏறும், இறங்கும். ஆனால் அதற்கு மிஷின் கிடையாது, நோயாளி வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

"வழக்கமா செய்யற வேலைக்கு மூச்சு வாங்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தானுங்க இருக்கறேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். பொய்யில்லை, அவர் மூச்சு வாங்கி நான் பார்த்து நாளாகியிருந்தது. ஒன்று என்று எழுதிவிட்டு, காலையிலிருந்து என்னென்ன செய்வார், சொல்லுங்கள் என்றார்.

"சேர்ல உக்காந்து பல்லு வெளக்குவாருங்க. குளிக்கறதும் ஸ்டூல்ல உக்காந்துதானுங்க."

"அப்புறம்?"

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. வீட்டிலிருந்து நாலு எட்டு. முன்பு நடப்பார், இப்போது வண்டி. லேத்துக்கு முன்னாலும் ஸ்டூல். மாடியிலிருந்த கட்டிலை நான்தான் கீழே இறக்கினேன். மேலே போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதும் நான்தான். எப்போதாவது படியேறினால் பாதியில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். பேசட்டும் என்று நான் நகர்ந்துவிடுவேன்.

"படுக்கறப்ப தலகாணி எத்தனைங்க?"

"மூணு. ஒசரமா வெச்சாத்தான் தூக்கம் வருமுங்க."

சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. மூச்சு வாங்கும் வேலையை ஒவ்வொன்றாக அவர் விட்டிருக்கிறார். விட்டதையெல்லாம் நான் எடுத்துச் செய்திருக்கிறேன். பாசம் என்று நினைத்துத்தான் செய்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து நோயை மூடிவைத்திருந்தோம், அவ்வளவுதான்.

டாக்டரம்மா அவரை வராந்தாவில் நடக்கச் சொன்னார். ஒரு தடவை போய்த் திரும்பியவரால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒன்றை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.

"நாலுன்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"சும்மா உக்காந்திருந்தாலே வாங்கும். அவர் எந்த வேலைய விட்டாலும் எங்கிட்டச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது வாடகைக் கார் என்றும் பாராமல் கத்தினேன். "ஏனுங்க, உள்ளதச் சொன்னா அவங்க மனசு நொந்துபோயிருமா?"

"அவங்களுக்கு எதுக்கு நம்ம சங்கடம்?" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது? கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்கிற பதிலை டாக்டரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு. கால் வீக்கம் வடிந்தது. தலையணை ஒன்றானது. மறுபடி நடக்கவைத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா இரண்டு என்று எழுதினார். இவர் பரீட்சையில் தேறியது போல எல்லோரிடமும் சொன்னார். சி அப்படியே இருக்கிறது என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

போன வாரம் காலையில், "தொட்டிய நானே பாத்துட்டு வாரேன்" என்று படியேறினார். நான் கீழே நின்றேன். திருப்பத்தில் நின்றார். ஃபோனை எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க" என்றார்.

ஃபோன் மணி அடிக்கவே இல்லை. எத்தனை நாள் இப்படி நகர்ந்துபோயிருக்கிறேன் என்று நினைத்ததும் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மேலே போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"ஃபோன வையுங்க. மூச்சு வாங்குதுங்களா?"

அவர் ஃபோனை இறக்கினார்.

"வாங்குது, அம்மணி."

முதல் தடவையாகச் சொன்னார். அவரைப் படியில் உட்காரவைத்து நானும் உட்கார்ந்தேன்.

"இங்க வந்ததும் வாங்குச்சுங்களா?"

"நாலாவது படியிலயே வாங்குச்சு. நீ பாத்துட்டு நின்னியா, அதான் ஏறிப்போட்டேன்."