மருந்து வேற, வழக்கு வேற

காலை ஏழு மணியளவில் எங்கள் ஆய்வுகூடச் சாரதி ஹமீது தொலைபேசியில் அழைத்தார். "டொக்டர் மௌத்தாப் போயிட்டாங்க, குணம்" என்றார். சாவுச் செய்தி கேட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி "ஆர் அடிச்சது?" என்பதுதான்.

"ஆரும் இல்ல. யானை."

தம்பலகாமத்தில் வயல்களுக்கு நடுவே ஓடும் வாய்க்காலில் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க டொக்டர் போயிருந்தார். கோழிப்பண்ணைகளைக் கழுவிவிடும் நேரம் அதுவென்பதால் விடியும்போதே அங்கே நிற்க வேண்டும் என்பார். ஹமீது வான் வண்டியை வீதியில் நிறுத்திப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது, பற்றைக்குள்ளிருந்து ஒற்றை யானை வெளியே வந்தது. ஹமீது கத்தினார். டொக்டர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது அவரைத் தூக்கி அடித்துவிட்டது. அதன்பின் நடந்ததை ஹமீது என்னிடம் ஒரு முறை சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை.

ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்களில் பலர் என்னைத் தனியே கூப்பிட்டு நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். டொக்டர் நஸீஹாவை யாராவது ஒருநாள் கொன்றுவிடுவார்கள் என்று நாங்கள் எல்லோரும் உள்ளுக்குள் நம்பியிருந்தோம். அந்த யானைக்கோ அவர்மேல் எந்தப் பகையும் இல்லை.

அவர் கிண்ணியாவில் பிறந்த பெண். மருத்துவர் அல்ல, டொக்டர் பட்டம் பெற்ற நுண்ணுயிரியல் விஞ்ஞானி. மருந்துக்கு அடங்காத கிருமிகளின் மரபணுக்களை வாசித்து, அவை எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சிறிய ஆய்வுகூடத்தில் நான் தொழில்நுட்பவியலாளன். இருவருக்கும் ஒரே வயது. பல வருடங்கள் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்தோம்.

சில வருடங்களுக்கு முன் நிலாவெளிப் பக்கத்து மீனவர் ஒருவர், மீனுக்கு எறியும் டைனமைட் கையிலேயே வெடித்து, வலது கை மணிக்கட்டோடு போய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெட்டிக் கட்டிய காயம் நாலாம் நாள் நாறத் தொடங்கியது. ஒவ்வொரு மருந்தாக ஏற்றினார்கள். எல்லா மருந்தும் தோற்ற பிறகு கொடுக்கும் கடைசி மருந்தையும் ஏற்றினார்கள். அவர் கட்டிலில் கட்டப்பட்டுக் கதறுவது வெளி வாசல்வரை கேட்டது. டொக்டர் நஸீஹா வாட்டுக்குப் போய், அந்த மனிதரின் உயிர் அடங்கும்வரை கட்டிலருகே நின்றுவிட்டு வந்தார். கையுறையைக் கழற்றியபடி, "கை போனதால இந்த மனிசன் சாகல்ல, குணம். இது வேற எங்கயோ இருந்து வந்த சாமான்" என்றார்.

அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியை முழுதாக வாசித்தார். கடைசி மருந்தைத் தோற்கடிக்கும் மரபணு அதில் இருந்தது. கிருமிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றிக்கொள்ளும் ஒரு சிறு வளையத்தில் அது ஏறியிருந்தது. கடலில் தொழில் செய்தவருக்கு அது எப்படி வந்தது? அவருடைய மனைவியிடம் போய்க் கேட்டார். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கணவர் தம்பலகாமப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் கூடு கழுவப் போவார் என்றார் அந்த அம்மா. அந்தப் பண்ணையின் கழிவு வாய்க்காலில் எடுத்த கிருமியும் இறந்தவரின் காயத்தில் இருந்த கிருமியும் எழுத்துக்கு எழுத்து அநேகமாக ஒன்றாகவே இருந்தன. மனிதருக்கான கடைசி மருந்தைக் கோழித் தீனியில் கலந்துகொண்டிருந்தார்கள். டொக்டர் அறிக்கை எழுதினார். பண்ணையை மூடினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். ஹமீது ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பண்ணைக்காரரின் ஆட்கள் நாலு பேர் இரும்புக் கம்பிகளோடு உள்ளே வந்தார்கள். நான் கிருமி வளர்க்கும் ஊடகம் தயாரிக்கும் அறையில் இருந்தேன். முதல் கண்ணாடி உடைந்த சத்தத்திலேயே கதவைத் தாழிட்டேன். கதவில் இருந்த சிறு கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. குளிர்பெட்டியைக் குப்புறத் தள்ளினார்கள். கணினியை அடித்து நொறுக்கினார்கள். பிறகு, கிருமி வளர்ந்த தட்டுகளை அள்ளி நிலத்தில் எறிந்து மிதிக்கத் தொடங்கினார்கள். அதுவரை சுவரோரம் நின்ற டொக்டர் அப்போதுதான் முன்னே வந்தார்.

"அதுல கை வைக்காதீங்க. செத்துப் போவீங்க."

அவர் எச்சரித்தார். அவர்கள் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். கட்டையான ஒருவன் கம்பியை ஓங்கி அடித்தான். தடுக்க உயர்த்திய இடது கை முறிந்த சத்தம் தாழிட்ட கதவுக்குள்ளும் கேட்டது. விழுந்தவரை இன்னும் இரண்டு முறை அடித்தான். நான் வெளியே வரவில்லை.

அவர்கள் போன பிறகு வந்தேன். வாயில் இரத்தத்தோடு தரையில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "முதல்ல பிளீச்சக் கொண்டு வாங்க. தரை முழுக்க ஊத்துங்க. பிறகு என்னத் தூக்கலாம்."

கையில் மாவுக்கட்டுடன் பத்தாம் நாள் வேலைக்கு வந்தார். அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான், டொக்டர்."

"தெரியும்."

"வெளியில வந்திருந்தா..."

"வந்திருந்தா உங்கட கையும் முறிஞ்சிருக்கும்" என்றார். மாவுக்கட்டை மேசையில் வைத்துவிட்டு, "எண்டாலும் வந்திருக்கலாம்" என்றார். அவர் என்னை மன்னித்தார் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. மறுநாளும் எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினார். அவ்வளவுதான்.

டொக்டரின் முறைப்பாட்டில் அவர்களைப் பிடித்துப் போட்ட வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தபோது வாட்டிலிருந்து ஒரு காயத்தின் மாதிரி வந்தது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை எலும்பு வெளியே வந்தவருடையது. படிவத்தில் இருந்த பெயரை இரண்டு முறை வாசித்தேன். டொக்டரை அடித்தவன். பிணையில் வெளியே இருந்தான். படிவத்தை அவர் முன் வைத்தேன். வாசித்துவிட்டு மாதிரியைத் தானே எடுத்துக்கொண்டார்.

அந்தக் கிருமிக்கும் கடைசி மருந்து வேலை செய்யவில்லை. இரண்டு நாள் அவர் வீட்டுக்கு ஒழுங்காகப் போகவில்லை. யாரும் பாவிக்காத பழைய மருந்துகளை எல்லாம் தேடிப் பரிசோதித்தார். ஒன்று வேலை செய்தது. அது இங்கே இருப்பில் இல்லை. கண்டிக்குப் பேசி, பஸ்ஸில் போட்டு எடுப்பித்தார். அவனுடைய காலை வெட்டி எடுக்க வேண்டி வந்தது, ஆனால் அவன் பிழைத்தான்.

அவனுடைய தாய் ஆய்வுகூடத்துக்கு வந்து டொக்டரின் முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்ட மகன மன்னிச்சு விடுங்க மகள். ஒரு கால் போயிட்டுது, அது காணாதா?"

டொக்டர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "மருந்து வேற, வழக்கு வேற, உம்மா. அவர் உயிரோட கோட்டுக்கு வரணும். அதுக்குத்தான் பாடுபட்டனான்."

அந்தத் தாயின் முகம் மாறியதைப் பார்த்தேன். டொக்டரின் முகம் மாறவில்லை.

சாட்சி சொல்ல என்னை அவர் ஒருபோதும் கேட்கவில்லை. பொலிசிடம் நான் எதையும் பார்க்கவில்லை என்று ஏற்கனவே சொல்லியிருந்தேன். அந்தத் தாய் வந்து போன வாரம் பொலிசுக்குத் திரும்பப் போய் வாக்குமூலத்தை மாற்றினேன். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, "அடிக்கும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டார். "கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே நின்றேன்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஊன்றுகோலுடன் நின்றவனை அடையாளம் காட்டினேன். அவன் சிறைக்குப் போனான். அன்று நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்ததும் டொக்டர், "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நினைவுக் கூட்டத்தில் அவரைப் பொறுமைசாலி என்று பேசினார்கள். இல்லை. அவர் கோபக்காரர். தீனியில் மருந்து கலந்து ஆளைக் கொன்றவர்கள் மேல், அடித்தவர்கள் மேல், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் மேல் அவருக்கு இருந்த கோபம் கடைசிவரை ஆறவில்லை. அதைக் கொட்டித் தீர்க்காமல், கலங்காத கையெழுத்தில் அறிக்கைகளாக எழுதினார்.

போன வாரம் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தன் பெயரைச் சொல்லவில்லை. டொக்டர் தம்பலகாமத்தில் முன்னர் எடுத்து வைத்த கடைசி மாதிரிகளின் முடிவு எப்போது மேலிடத்துக்குப் போகும் என்று கேட்டார். "இடத்தின்ர பேரை மட்டும் போடாம விடுங்கோ, தம்பி. அவவும் இப்ப இல்லைத்தானே" என்றார். அந்தக் குரல் அமைதியாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை விடச் சூடான ஒன்று எழுந்தது. அது என்னுடையது அல்ல, டொக்டரிடமிருந்து எனக்கு வந்தது.

"ஏலாது" என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த மாதிரிகள் வந்த பண்ணையின் பெயரை அறிக்கையில் முழுதாக எழுதி, கீழே கையொப்பமிட்டேன்.